மூன்றாவது பீரியடுக்கு யார்?

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மைனஸ். விடை சரியாக வந்தாலும் சென்டிமீட்டர் என்று எழுத மறந்தால் அரை மார்க்கைப் பிடித்துவிடுவாள். அதனால் வந்த பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறி வந்துகொண்டிருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். சயின்ஸ் டீச்சருக்கு பீக்கர் என்று பெயர். "உனக்காவது ஒரு குறியைக் குடுத்தாங்க. என்னை வெறும் பாத்திரமாக்கிட்டாங்க," என்பார் அவர். இவளைவிட ஆறு வயது மூத்தவர். இவள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஸ்டாஃப் ரூமில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

தொற்று பரவிய முதல் வருஷம் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஹாலில் கணவர் ஃபோனில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். அடுப்படித் தரையில் மகள் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். படுக்கையறையில் துணி தேய்க்கும் பலகையின் மேல் லேப்டாப்பை வைத்து இவள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். திரையில் முப்பத்தெட்டு கறுப்புக் கட்டங்கள். ஒரு கட்டத்தில்கூட முகம் தெரியாது. "கேக்குதா?" என்று கேட்பதே பாதிப் பாடமாக இருந்தது.

"மிஸ், எனக்கு நெட் இல்ல மிஸ்," என்றான் ஒருவன், தெளிவான குரலில்.

"நெட் இல்லாம எப்படிப்பா பேசறே?"

"விட்டு விட்டு இல்ல மிஸ்."

அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது. சாயந்திரம் அதை அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லி மறுபடி சிரித்தாள்.

இரண்டாவது வருஷம் பள்ளியைப் பாதி திறந்தார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் வகுப்பறையில், இரட்டைப்படைக்காரர்கள் வீட்டில். டீச்சர் மட்டும் இரண்டு பக்கமும். லேப்டாப்பை விட்டு இரண்டடி நகர்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. நகராவிட்டால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. முகக்கவசத்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். நோட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு. எனவே வீட்டுப்பாடம் ஃபோட்டோவாக வந்தது. பாதி ஃபோட்டோ படுத்திருக்கும், மீதியில் யாராவது ஒருவரின் கட்டைவிரல் இருக்கும். அதோடு தினமும் ஒரு படிவம்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கேமராவைத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை, ஆசிரியர் அதற்கு என்ன செய்தார். சனிக்கிழமை ஆசிரியர்களின் மன அமைதிக்காக இரண்டு மணி நேரப் பயிற்சி. வராதவர்கள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

"மன அமைதிக்கு விளக்கக் கடிதம் கேக்கற ஊர்ல வேலை பாக்கறோம்டி," என்றார் சயின்ஸ் டீச்சர்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டிலிருந்தே வகுப்பெடுக்க அனுமதி கேட்டிருந்தார். ஹெச்.எம். அம்மா மேலே எழுதினார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. சயின்ஸ் டீச்சர் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில் மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார்.

"என்னக்கா?"

"தலை பாரமா இருக்கு. ஏழாம் பி-யை மட்டும் முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

முடித்துவிட்டுத்தான் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் வாரம் செய்திகள் வந்தன. ஐந்தாம் வகுப்புக்கு ஓர் ஆய்வு கொடுத்திருப்பதாகவும், மூன்று பாட்டிலில் மூன்று ஆணி, தண்ணீரில் ஒன்று, எண்ணெயில் ஒன்று, சும்மா ஒன்று, எது துருப்பிடிக்கிறது என்று பிள்ளைகள் தினமும் ஃபோட்டோ அனுப்புவதாகவும், படுத்த வாக்கிலேயே பார்த்து டிக் போடுவதாகவும் எழுதியிருந்தார். 'பொழுது போகுது' என்று முடித்திருந்தார். இரண்டாவது வாரம் செய்தி வரவில்லை.

அந்தப் புதன்கிழமை இரண்டாவது பீரியட் கணக்கு டீச்சர் ஏழாம் பி-யில் இருந்தாள். பின்னங்கள். லேப்டாப் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டி, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே திரையைப் பகிர்ந்து, ஐந்தாவது கணக்கை முடித்திருந்தாள். திரையின் வலது மூலையில் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு செய்தி எட்டிப்பார்த்தது.

'நமது சயின்ஸ் டீச்சர் இன்று காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அதன் கீழேயே இன்னொன்று.

'மூன்றாவது பீரியட் ஐந்து ஏ-வுக்கு யார் ஃப்ரீ? உடனே சொல்லவும்.'

இரண்டையும் அனுப்பியவர் ஹெச்.எம். அம்மா. சுவரில் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. வகுப்பில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் அவளோடு சேர்ந்து வாசித்தார்கள்.

முதல் பெஞ்சுப் பெண் மெதுவாகக் கேட்டாள். "மிஸ், நம்ம சயின்ஸ் மிஸ்ஸா?"

கணக்கு டீச்சர் செய்தியைத் திரையிலிருந்து தள்ளினாள்.

"ஆறாவது கணக்கு," என்றாள். "கீழ இருக்கற எண்ணை முதல்ல சமமாக்கணும். என்ன வரும்?"

 அவளே போட்டாள். பன்னிரண்டு வந்தது. ஏழாவது கணக்கையும் அவளே போட்டாள். மணி அடித்தது. அப்போதுதான் மூன்றாவது பீரியட் தனக்கு வகுப்பில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஃபோனை எடுத்து 'நான் போறேன்' என்று குழுவில் போட்டுவிட்டு ஐந்து ஏ-வுக்குப் போனாள். சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வைத்தாள்.

அடக்கத்துக்கு நாலு பேருக்குமேல் போக அனுமதியில்லை. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தைத் திரையில் நடத்தி ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். யாரோ மைக்கை அணைக்க மறந்ததால் அந்த நிமிஷம் முழுக்க ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மாதத் தேர்வு பற்றிப் பேசினார்கள். ஏழாம் வகுப்பின் சயின்ஸும் கணக்கு டீச்சர் தலையில் விழுந்தது. தற்காலிகம்தான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு வீடியோத் துண்டு ஏழாம் வகுப்புப் பெற்றோர் குழுக்களில் சுற்றியது. வீட்டிலிருந்த யாரோ அந்த வகுப்பைப் பதிவு செய்திருந்தார்கள். செய்தி வருவதும், அவள் அதைத் தள்ளுவதும், ஆறாவது கணக்கு என்பதும். முப்பது விநாடி. இதெல்லாம் மனுஷ ஜென்மமா என்று ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். பிள்ளைகள் முன்னால் சாவுச் செய்தியைத் திறந்து வைத்தது யார் தப்பு என்று ஒரு தாயார். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க என்று ஒரே ஒருவர்.

ஹெச்.எம். அம்மா அழைத்தார். "இனிமே கிளாஸ் எடுக்கும்போது நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடுங்க டீச்சர்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

வீட்டில் மகளும் அந்தத் துண்டைப் பார்த்திருந்தாள். "அம்மா, அது நிஜமா நீதானா?"

"நான்தான்."

"உன் குரல் மாதிரியே இல்ல. மேப்ல வழி சொல்ற பொம்பள மாதிரி இருக்கு."

கணவர் மகளை முறைத்தார். பிறகு மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழணும்னா அழுதுடு. உள்ளயே வச்சுக்காத."

"வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரலங்க. வந்தா அழ மாட்டேனா?"

உண்மையாகவே வரவில்லை. எதுவுமே வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் ஏற வேண்டிய பஸ் வரும், கதவு திறக்கும், மூடும், போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுத்ததில் ஏறுவாள். தேர்வுத்தாள் ஃபோட்டோக்களைத் திருத்தும்போது அரை மார்க் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். சென்டிமீட்டர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு பையன் செய்தி அனுப்பினான்: 'மிஸ், எனக்கு யூனிட் விட்டுப்போச்சு, நீங்க கவனிக்கல.' அதற்கும் ஒரு டிக் போட்டாள்.

ஒரு மதியம் ஸ்டாஃப் ரூமில் தனியாக இருக்கும்போது ராஜினாமாக் கடிதத்தை அடித்து முடித்தாள். மூன்று வரி. 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதினாள்.  லீவ் லெட்டர் எழுதுவது போலத்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் போட்டாள். ஒன்பது நாளாகியும் அது பையிலேயே கிடந்தது. கொடுக்கக்கூடாது என்று ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டுமென்றால் ஹெச்.எம். அறைக்கு மாடி ஏற வேண்டும்.

பத்தாம் நாள் ஆபீஸ் கிளார்க் வந்து சயின்ஸ் டீச்சரின் மேஜையைக் காலி பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். இழுப்பறையில் இருந்தவை ஒரு பைக்குள் அடங்கின. படிக்கிற கண்ணாடி, பாதி தீர்ந்த கைக்களிம்பு, சிவப்புப் பேனாக்கள், ஒரு காந்தம், மாற்றுச் செருப்பு. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு மாடி ஏறிப் போய் மணி அடித்ததும் அவரே திறந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. பிள்ளைகள் இல்லாத வீடு. சாமான்கள் அந்தந்த இடத்தில் இருந்தன. பையை வாங்கி உள்ளே பார்க்காமல் நாற்காலியில் வைத்தார்.

"உக்காரும்மா. டீ போடறேன்."

"வேணாம்ணா. சும்மா குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பரவால்ல, உக்காரு. எனக்கும் போடணும்."

அவர் உள்ளே போனதும் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு ஃபோன் அதிர்ந்தது. அக்காவின் ஃபோன். நீல உறை. சார்ஜரில் போட்டிருந்தது. அவர் டம்ளரோடு வந்து ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் மெதுவாக எதையோ தட்டிவிட்டு வைத்தார். மறுபடி அதிர்ந்தது.

"யாருண்ணா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பிள்ளைங்க."

"எந்தப் பிள்ளைங்க?"

"அஞ்சாம் கிளாஸ். ஆணி ஃபோட்டோ அனுப்புறாங்க." ஃபோனை அவள் பக்கம் தள்ளினார். "அவ கடைசியா சொன்னதே அதான். கண்ணு திறக்க முடியல, ஃபோனை என் கையில குடுத்து, பதில் போடலன்னா பிள்ளைங்க விட்டுடும், எதாவது போடுங்கன்னா. நான் குட்னு போட்டேன். அப்புறம் அவ போயிட்டா. மறுநாளும் ஃபோட்டோ வந்துச்சு."

"யாரும் பெத்தவங்ககிட்ட சொல்லலையா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சுற்றறிக்கை எண் இருநூற்றுப் பதினேழு. தேர்வு அட்டவணைக்கும் கைகழுவும் விதிமுறைக்கும் நடுவில் மூன்றாவது பத்தி. ஐந்து ஏ-வின் பெற்றோர் யாரும் அந்தப் பத்திவரை வாசித்திருக்கவில்லை போலிருக்கிறது. இருபத்திரண்டு பிள்ளைகள் நாள் தவறாமல் ஃபோட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் 'குட்'. சில இடத்தில் 'வெரி குட்'.

"ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நீளமா எழுதிட்டேன்," என்றார் அவர். "அது சரியான்னு உன்னைக் கேக்கணும்."

தேடி எடுத்துக் காட்டினார். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'மிஸ், மத்த ரெண்டு ஆணிக்கும் துரு வந்துடுச்சு. எண்ணெய் ஆணிக்கு மட்டும் வரல. நான் தப்பா பண்ணிட்டேனா?' அதற்கு இவர்: 'தப்பு இல்லம்மா. எண்ணெய் மேல மூடிக்கும். காத்தும் தண்ணியும் இரும்பைத் தொடாது. தொடலன்னா துரு பிடிக்காது. அதனாலதான் வண்டிக்கு கிரீஸ் போடறோம்.'

"சரிதான்ணா," என்றாள். "நான் இப்ப ஏழாம் கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கறேன். எனக்கு இப்படிச் சொல்ல வராது."

அவர் தலையாட்டினார். முகத்தில் ஏதோ அசைந்தது. உடனே டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லணும்ணா."

"தெரியும். சொல்லிட்டா இது அடிக்காது. அதான்." கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்தார். "நீயே எழுதிடும்மா. நான் பால்கனியில நிக்கிறேன்."

அவள் எழுதினாள். உங்கள் சயின்ஸ் டீச்சர் இறந்துவிட்டார். தேதி. இனி ஃபோட்டோக்களைப் பள்ளி எண்ணுக்கு அனுப்பவும். எழுதிய பிறகு 'உங்கள் ஆணிகளைக் கடைசிவரை பார்த்தார்' என்று ஒரு வரி சேர்த்தாள். அது உண்மைதான். அந்த நிமிஷம்வரை அக்கா இறந்துவிட்டார் என்பதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. அடுத்தவர்கள்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள்.

முதல் பதில் உடனே வந்தது. 'ஓகே மிஸ். தேங்க் யூ மிஸ்.' வாசிக்காமலே தட்டிய பதில். ஒரு தாயார், ஐயோ எங்களுக்குத் தெரியாதே, மன்னிச்சுக்கோங்க என்று எழுதினார். பிறகு அந்த எண்ணெய் ஆணிப் பெண்: 'அப்போ குட் போட்டது யாரு?'

ஃபோனைப் பால்கனிக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவர் வாசித்தார். வெகுநேரம் யோசித்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். 'அவங்க வீட்டுக்காரர்.'

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே கணக்கு டீச்சர் மாடி ஏறிக் கடிதத்தைக் கொடுத்தாள். ஹெச்.எம். அம்மா நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சொந்தக் காரணம்னா? வீட்ல யாருக்காவது முடியலையா?"

"இல்லங்க மேடம்."

"வேற ஸ்கூல்ல கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அந்த வீடியோவா? அதெல்லாம் நாலு நாள்ல மறந்துடுவாங்க டீச்சர்."

"அது இல்ல மேடம். அவங்க சொன்னது தப்பில்லையே. அக்கா போயிட்டாங்கன்னு படிச்சேன், ஆறாவது கணக்கு போட்டேன். அப்புறம் ஏழாவது போட்டேன். அப்புறம் நீங்க கேட்டீங்க, அஞ்சு ஏ-வுக்குப் போனேன். அன்னிக்கு ஒண்ணும் தோணல. இன்னிக்கும் தோணல. எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்குன்னு நினைக்கிறேன், ஆனா அதுகூடத் தெரியல. இப்படி ஒருத்தி பிள்ளைங்க முன்னாடி நிக்கக்கூடாதுன்னு மட்டும் தெரியுது."

ஹெச்.எம். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். முகக்கவசத்துக்கு மேலே கண்ணுக்குக் கீழே பட்டையாகத் தழும்பு. "ஆஸ்பத்திரியிலேர்ந்து சயின்ஸ் டீச்சர் வீட்டுக்காரர் எனக்குத்தான் ஃபோன் பண்ணினார்," என்றார். "சொல்லி முடிக்கல. என் கை டைம்டேபிளை எடுத்துடுச்சு. அவர் அந்தப் பக்கம் அழறார். நான் மூணாவது பீரியடுக்கு யாரைப் போடலாம்னு பாத்துட்டிருக்கேன். பதினேழு வருஷம் கூட வேலை பாத்த பொம்பள."

 கீழே பிள்ளைகள் இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும் சத்தம் கேட்டது.

"நான் போக முடியாது," என்றார் ஹெச்.எம். அம்மா. "நீங்க போங்க. முழுப்பரீட்சை வரைக்கும் மட்டும் இருந்துட்டுப் போங்க. கேக்கறதுக்கு எனக்கு வெக்கமாதான் இருக்கு. ஆனா கேக்கறேன்."

"இருக்கேன் மேடம்."

கடிதத்தின் மூலையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். கணக்கு டீச்சர் இறங்கி வந்து முதல் பீரியடுக்குப் போனாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

"தெரியல."

"சரி. தெரியும்போது சொல்லு," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. மகள் மட்டும், "அப்போ பெட்ரூம் எனக்கா?" என்றாள்.

ஏழு வாரம் போனது. முழுப்பரீட்சை முடிந்தது. கடைசி நாள் லேப்டாப், அடையாள அட்டை, ஸ்டாஃப் ரூம் சாவி எல்லாவற்றையும் ஆபீஸில் ஒப்படைத்தாள். வழியனுப்பு விழா இல்லை, கூட்டம் கூடக்கூடாது என்ற விதி இருந்தது. அது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம்பெண் வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பதிலாகச் சேரப்போகிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். புதுப் பை.

"உள்ள வாங்க மிஸ்," என்றாள் கணக்கு டீச்சர். பக்கத்து நாற்காலியைக் கைக்குட்டையால் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"ஸ்கூல் எப்படி மிஸ்?" என்று கேட்டாள் வந்தவள்.

கணக்கு டீச்சர் யோசித்தாள். சொல்ல நிறைய இருந்தது போலவும் ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது. "ஏழு பி-யில ஜன்னல் பக்கத்து பிளக் வேலை செய்யாது. கதவு பக்கத்துல இருக்கறதுல போடுங்க," என்றாள். "சத்தமாப் பேசினா தொண்டை போயிடும், ஒரு மைக் கேளுங்க, குடுக்க மாட்டாங்க, ரெண்டாவது தடவை கேளுங்க. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. யூனிட் எழுத மாட்டாங்க."

அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். "நீங்க ஏன் மிஸ் போறீங்க?"

"உடம்பு முடியல," என்றாள் கணக்கு டீச்சர். அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

கேட்டில் காவலர் அவள் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார்.

"உள்ள வர்றவங்களுக்குத்தானே?"

"பழகிப்போச்சு டீச்சர்," என்றவர் எண்ணைப் பார்த்தார். "நார்மல்."

தெருவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடைத்திருந்த கடைகளில் ஒன்றிரண்டின் கதவு பாதி திறந்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வழியில் துக்கமோ நிம்மதியோ எதுவும் வரவில்லை. குதிகால் மட்டும் வலித்தது. வலிப்பதைக் கவனித்துக்கொண்டே நடந்தாள்.